பைனஸ் காட்டின் அடியில் என்ன இருக்கிறது?

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான ஒருநாள் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் என்று கணக்குப் பேசிக் களைத்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு "காடு" என்று ஒரு தலைப்பைப் போட்டு, அதைப் பேச ஒரு டீச்சரையும் நிறுத்தியிருக்கிறார்கள். இது சங்கத்து வேலையா, பள்ளிக்கூடத்து வேலையா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இரண்டும்தான் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் மேல் பிரிவு லயங்களுக்கு மேலே ஒரு பைனஸ் காடு இருக்கிறது. ஊவாப் பக்கத்தில் இருக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேருக்கும் அப்படி ஒன்று இருக்கும். மரங்கள் முதிர்ந்துவிட்டன, வெட்டப் போகிறார்கள் என்ற பேச்சு போன வருடம் வந்தது. அன்றைக்கே தோட்டக் கமிட்டியில் சண்டை வந்துவிட்டது. ஒரு அண்ணன் எழுந்து, "அந்தச் சனியன் தொலையட்டும். அந்த மரம் வந்த பிறகுதான் நம்ம பீலி வத்திப் போச்சு" என்றார். ஒரு அக்கா, "மொட்டையா வெட்டினா மலை சரிஞ்சு லயத்து மேலதான் வரும். வெறகுக்கும் எங்க போறது?" என்றார். அரை மணி நேரம் கூச்சல். கடைசியில் முடிவெடுக்காமலே கலைந்தோம்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்த அண்ணன் சொன்னதும் சரி. அந்த அக்கா சொன்னதும் சரி. ஆனால் "வெட்டு", "வெட்டாதே" என்ற இரண்டு சொல்லைத் தவிர நம்மிடம் வேறு கோரிக்கை இல்லை. மூன்றாவதாக ஒரு கோரிக்கை நமக்கு வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் இந்த மரத்தைப் பற்றியும் அதன் அடியில் இருப்பதைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

பிள்ளைகள் பார்த்தது

தரம் எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் கயிறு. நான்கு குச்சி நட்டுக் கயிற்றைச் சுற்றி, ஒரு மீற்றர் சதுரம் கட்டச் சொன்னேன். முதல் சதுரம் பைனஸ் மரத்தடியில். இரண்டாவது சதுரம், நூறு அடி தள்ளி, ஓடைப் பள்ளத்தில் மிச்சமிருக்கிற பழைய காட்டுத் துண்டில். சதுரத்துக்குள் எத்தனை வகைச் செடி, எத்தனை வகைப் பூச்சி என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

ஓடைப் பள்ளத்தில் பிள்ளைகளுக்குக் கொப்பியில் இடம் போதவில்லை. பன்னம், பாசி, காளான், இஞ்சி இனச் செடி ஒன்று, கொடி, மூன்று நான்கு மரங்களின் கன்று, அட்டை, மண்புழு, மரவட்டை. பெயர் தெரியாததற்குப் படம் வரைந்தார்கள். பைனஸ் அடியில் எழுத ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்த ஊசியிலை, ஊசியிலைக்குக் கீழே இன்னும் ஊசியிலை, அதற்குக் கீழே வறண்ட மண். ஒரு பிள்ளை சொன்னது: "டீச்சர், இங்க ஒரு சத்தமுமே இல்ல."

அந்தப் பிள்ளை சொன்னதில்தான் இன்றைய பாடம் இருக்கிறது. நாம் காட்டை மேலே பார்த்து அளக்கிறோம். எத்தனை மரம், எவ்வளவு உயரம், எத்தனை கன அடிப் பலகை என்று கணக்கெடுக்கிறோம். தண்ணீரைப் பிடித்து வைப்பது, மண்ணைக் கட்டி வைப்பது, அடுத்த தலைமுறை மரத்தை வளர்த்து எடுப்பது எல்லாம் பெரும்பாலும் கீழே நடக்கிற வேலை. பாடப் புத்தகத்தில் அதைக் கீழ்ப்படை என்போம். பெரிய மரத்தின் நிழலில் இருக்கிற சிறு மரம், செடி, பன்னம், பாசி, உக்கிய இலை, அதற்குள் இருக்கிற பங்கசு எல்லாம் சேர்ந்ததுதான் அது.

சொந்த ஊரில் ஊசியிலைக் காடு

அப்படியானால் ஊசியிலைக் காடு என்றாலே அடியில் வெறுமைதானா? இல்லை. அது பிறந்த ஊரில் போய்ப் பார்த்தால் தெரியும்.

அமெரிக்காவின் வடமேற்கிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் உலகத்தின் மிக உயரமான ஊசியிலைக் காடுகளில் சில இருக்கின்றன. டக்ளஸ் பேர், ஹெம்லொக், சீடார் போன்ற மரங்கள். அங்கே மரத்தடியில் இடுப்பளவுக்குப் பன்னம் நிற்கும். பாசி பஞ்சு மாதிரிக் கிடக்கும். புளிப்புப் பழம் காய்க்கிற புதர்கள் இருக்கும். விழுந்து உக்குகிற மரத்தின் முதுகிலேயே ஹெம்லொக் கன்றுகள் வரிசையாக முளைத்து நிற்கும்.

அந்தக் காட்டின் நிழலில் மெதுவாக வளர்கிற ஒரு சின்ன மரம் உண்டு. பசுபிக் யூ என்று பெயர். பலகைக்கு வெட்டுகிறவர்கள் அதைக் குப்பை மரம் என்றே கணக்கில் வைத்திருந்தார்கள். பெரிய மரங்களை எடுத்த பிறகு, யூ மரங்களைக் கழிவோடு குவித்துத் தீ வைத்தார்கள். 1962இல் மருந்துக்காகச் செடிகளைத் தேடிப் போன அரசாங்கத் தாவரவியலாளர் ஒருவர் அதன் பட்டையில் கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். அதில் இருந்த பொருளின் அமைப்பை 1971இல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 1992இல் அது சூலகப் புற்றுநோய்க்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டக்சோல் என்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கும் இன்று கொடுக்கிற மருந்து. நம் தோட்டத்துப் பெண்கள் சிலரின் உடம்பிலும் அது ஏறியிருக்கும். குப்பை என்று எரித்த மரத்தில் இருந்தது அது.

இன்னொன்றும் அங்கே நடந்தது. டக்ளஸ் பேர் நட்ட இடத்தில் தானாக முளைத்த பேர்ச் மரங்களைக் களை என்று வெட்டியும் மருந்தடித்தும் ஒழித்தார்கள். போட்டி போகும், பேர் மரம் வேகமாக வளரும் என்று எதிர்பார்த்தார்கள். பல இடங்களில் பேர் மரங்களுக்கு வேர் அழுகல் நோய்தான் கூடியது. சுசான் சிமார்ட் என்ற கனடிய விஞ்ஞானி 1997இல் தன் ஆய்வை வெளியிட்டார். பேர்ச்சும் பேரும் நிலத்துக்கடியில் ஒரே பங்கசு இனங்களைப் பகிர்கின்றன, ஒரு மரத்தின் காபன் மற்றதன் உடம்புக்குள் போகிறது, நிழலில் நிற்கிற பேர் கன்றுக்கு அது கூடுதலாகவே போகிறது என்று அளந்து காட்டினார். இந்தப் பரிமாற்றத்தால் மரத்துக்கு எவ்வளவு நன்மை என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்றும் விவாதம் இருக்கிறது. ஆனால் கூட வளர்கிறதையெல்லாம் களை என்று பிடுங்கக் கூடாது என்ற பாடம் மட்டும் நின்றுவிட்டது.

இனி நம் பைனஸ். அது கரிபியன் பைன். கியூபா, பஹாமஸ், பெலீஸ், ஹொண்டுராஸ், நிகரகுவா போன்ற நாடுகள்தான் அதன் ஊர். அங்கே அது நெருக்கமாக நிற்பதில்லை. புல்வெளியில் இடைவெளி விட்டு நிற்கும். கூடவே ஓக் மரமும் சின்னப் பனை இனமும் சிறு செடிகளும் இருக்கும். அடிக்கடி மின்னல் விழுந்து புல் எரியும். பைனின் தடித்த பட்டை அதைத் தாங்கும். எரிந்த மண்ணில் அதன் விதை முளைக்கும். தீயோடு பழகிய மரம் அது.

பைன் இனத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றே ஒன்றுதான், சுமாத்திராவில், நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இயற்கையாக வளர்கிறது. நம் நாட்டுக் காட்டில் பைன் எதுவும் பிறந்ததில்லை. வேற்று நாடுகளுக்கு முதன்முதலில் கொண்டுபோனபோது பல இடங்களில் பைன் கன்று மஞ்சளித்து நின்றது. அதன் வேரோடு சேர்ந்து வாழ்கிற பங்கசு புது மண்ணில் இல்லை. ஏற்கனவே பைன் நிற்கிற இடத்து மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் தேறியது. மரத்தை மட்டும் கப்பலேற்றினால் போதாது, அது நிற்கிற மண்ணும் கூட வரவேண்டும் என்பதை அப்படித்தான் கற்றார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

குமாவுன் மக்கள் கண்டது

இமயமலைப் பக்கத்தில், இன்றைய உத்தராகண்டில், குமாவுன் என்ற மலைநாடு இருக்கிறது. அங்கே பைன் சொந்த மரம்தான். சீர் பைன் என்பார்கள். ஓக் மரமும் சொந்த மரம். அங்குள்ள பெண்கள் ஓக் காட்டை நம்பி வாழ்ந்தார்கள். மாட்டுக்குத் தழை, வயலுக்கு உக்கிய இலை எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. ஓக் காட்டின் அடியில் பாசியும் செடியும் அடர்ந்திருக்கும். ஊற்றும் அங்கேதான் நிற்கும் என்று அவர்கள் சொல்வார்கள். பைன் ஊசியை மாடு தின்னாது. எருவாகவும் சீக்கிரம் உக்காது. விறகுக் கட்டோடு நடக்கிறவரின் காலை வழுக்கிவிடும். நம் அக்காமார் விழுந்து எழும்பிய கதை எனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரன் அரசாங்கத்துக்குப் பைன் வேண்டியிருந்தது. ரயில் பாதைச் சிலிப்பர் கட்டைக்கும், பிசினுக்கும். காட்டை ஒதுக்குக் காடாக்கி மக்களின் உரிமையைப் பிடுங்கினார்கள். அதோடு அதிகாரிகளின் சாமான்களைச் சம்பளமில்லாமல் சுமக்க வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. அதற்குக் கூலி பேகார் என்று பெயர். 1921 ஜனவரியில் பாகேஸ்வர் திருவிழாவில் கூடிய மக்கள் அந்தக் கூலிப் பதிவேடுகளை ஆற்றில் எறிந்தார்கள். அந்த வருடக் கோடையில் ஒதுக்குக் காடுகள் பற்றி எரிந்தன. பெரும்பாலும் எரிந்தது பைன். ஓக் காடுகளை மக்கள் தொடவில்லை. எந்த மரம் யாருக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1974இல் ரேணி கிராமத்தில் கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரத்தைக் காத்து நின்ற சிப்கோ போராட்டமும் அதே உத்தராகண்டு மலையில் நடந்ததுதான்.

தீ வைக்கச் சொல்லி இதை நான் சொல்லவில்லை. தவறாக எழுதிவிடாதீர்கள். காட்டின் அடியில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்பது உழைக்கிற மக்களின் பழைய கேள்வி என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் மலையில் நடந்தது

இங்கே 1970களிலும் 80களிலும் வனத் திணைக்களம் மலைநாட்டில் பெருமளவில் பைனஸ் நட்டது. ஹந்தானை, நக்கிள்ஸ், ஊவாப் பத்தனை நிலம், கைவிட்ட தேயிலை மலை என்று பல இடங்களில். நியாயமாகப் பேசுவோம். மேல் மண் கழுவிப் போய், வருடாவருடம் எரிகிற மானாப்புல் மலையில் வேறு எந்தக் கன்றும் நிற்கவில்லை. இது நின்றது. மொட்டை மலையை மூடியது. அதுவரைக்கும் அது செய்த வேலையை நாம் மறுக்க வேண்டியதில்லை.

பிழை அதற்குப் பிறகுதான். நெருக்கமாக, ஒரே வயதில், ஒரே இனமாக நட்டார்கள். நட்ட பிறகு பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். அடியில் எதுவும் வராததற்குப் பைனஸ் விஷம் கக்குகிறது என்று பலர் சொல்வார்கள். தீ படாத, பழைய காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பைனஸ் தோப்பில் போய்ப் பாருங்கள். பறவை போட்ட விதையில் நாட்டு மரக்கன்றுகள் முளைத்து நிற்பதைக் காணலாம். விஷம் என்றால் அது நடக்காது. எனக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று. ஊசியிலை சீக்கிரம் உக்காமல் மெத்தையாகக் கிடக்கிறது. விதை மண்ணைத் தொடாமல் மேலேயே காய்ந்து போகிறது. விதை கொண்டுவரக் காடு பக்கத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தீ. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பீடித் துண்டு போதும். பட்டை தடித்த பைனஸ் தப்பிக்கும். அதன் அடியில் தப்பித் தவறி முளைத்த கன்றெல்லாம் கருகும். அடுத்த வருடமும் அதே கதை.

பீலி வற்றியதைப் பற்றி அந்த அண்ணன் சொன்னாரே, அதற்கும் ஆதாரம் உண்டு. தென்னாபிரிக்காவில் மலைப் புல்வெளி நீரோடைகளைப் பல பத்து வருடம் அளந்து பார்த்தார்கள். புல் நிலத்தில் பைன் நட்ட பள்ளத்தாக்குகளில் மரம் வளர வளர ஓடை நீர் குறைந்தது. வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற உயர்ந்த மரம், விழுகிற மழையில் ஒரு பகுதியைத் தலையிலேயே தாங்கி ஆவியாக்கும். வேரால் குடிப்பதும் புல்லை விட அதிகம். அந்த நாட்டின் 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், வியாபாரத்துக்காகக் காடு நடுவதை "ஓடை நீரைக் குறைக்கும் நடவடிக்கை" என்றே வகைப்படுத்தியது. அனுமதியில்லாமல் நட முடியாது. சட்டத்தில் எழுதக்கூடிய விஷயம்தான் இது. நாமும் கேட்கலாம்.

அந்த அக்கா சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. டர்பன்டைன் மரத்தை வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். கரிபியன் பைன் பொதுவாகத் துளிர்க்காது. வெட்டினால் வேரும் சாகும். உடனே ஒன்றும் நடக்காது. செத்த வேர் மண்ணுக்குள் உக்கிக்கொண்டே போகும். சில வருடம் கழித்து, பழைய வேரின் பிடி போய், புதுச் செடியின் வேர் இன்னும் இறங்காத ஒரு காலம் வரும். செங்குத்து மலையில் அதுதான் ஆபத்தான காலம். வெட்டியவர்கள் அப்போது வேறெங்கோ இருப்பார்கள். கீழே லயத்தில் நாம் இருப்போம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் வந்ததைப் பார்த்த மாவட்டம் இது. அது பைனஸ் வெட்டியதால் வந்ததல்ல. ஆனால் மலைச்சரிவுக்குக் கீழே குடியிருப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆக, அப்படியே விட்டால் தண்ணீரும் தீயும் பிரச்சினை. மொட்டையாக வெட்டினால் மண் பிரச்சினை. வெட்டிய இடத்தில் மறுபடி பைனஸோ டர்பன்டைனோ நட்டால் எல்லாம் முதலிலிருந்து.

சிங்கராஜவில் கிடைத்த வழி

மூன்றாவது வழி ஒன்றை நம் நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். சிங்கராஜக் காட்டின் ஓரத்தில், பன்னம் மூடிக் கிடந்த கெட்டுப்போன நிலத்தில் பைனஸ் நட்டிருந்தார்கள். 1988இல் உலக மரபுரிமையான காட்டுக்கு அது வேலி மாதிரி. 1990களின் தொடக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மார்க் அஷ்டனும் சேர்ந்து அங்கே ஒரு சோதனை செய்தார்கள்.

சில இடங்களில் பைனஸை ஒரு வரிசை மட்டும் எடுத்தார்கள். சில இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று வரிசை எடுத்தார்கள். சில இடத்தை வெட்டாமல் விட்டார்கள். எல்லா இடத்திலும் அந்தக் காட்டுக்குரிய மரக்கன்றுகளை நட்டார்கள். ஹொர, துன் இனங்கள், நமது தேசிய மரமான நா. பிறகு வருடக்கணக்காக அளந்தார்கள். வெட்டாத நிழலில் நட்டவை மெதுவாகவே வளர்ந்தன. மூன்று வரிசை எடுத்த இடைவெளியில் நட்டவை நன்றாக வளர்ந்தன. 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பைனஸ் நிழலால் என்ன செத்தது? பன்னமும் புல்லும். வெயிலைக் குடித்து நிலத்தை மூடி, வேறு கன்றை வர விடாமல், காய்ந்தால் தீயையும் கூப்பிடுகிற செடிகள் அவை. பைனஸ் அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. அந்த இடத்தில் அளவாக வெளிச்சம் விட்டு, கன்றையும் நாமே கொண்டுவந்து வைத்தால், மழைக்காட்டு மரம் பைனஸின் தோளுக்குக் கீழே வளர்ந்து வருகிறது. தேயிலைக் கன்றுக்கு முதலில் மானாப்புல் போட்டு மண்ணைத் தேற்றுகிறோம், பிறகு முள்முருங்கையும் சவுக்கும் நிழலுக்கு வைக்கிறோம். அதே புத்திதான். ஆகவே நம் தலைக்கு மேலே நிற்கிற பைனஸ் காடு பாதியில் விட்ட ஒரு வேலை. முதல் பாதியை மரம் செய்துவிட்டது. இரண்டாவது பாதியை மனிதர் செய்ய வேண்டும்.

அங்கே பெரிய மரம் மட்டுமில்லை, கீழ்ப்படையில் பயன் தருகிற செடிகளையும் வைத்துப் பார்த்தார்கள். ஏலம், கித்துள், பிரம்பு, மரமஞ்சள். மரம் பெரிதாகும் வரை பக்கத்துக் கிராமத்துக்கு வருமானம் வேண்டுமே என்ற யோசனை.

சிங்கராஜ நம் ஊரை விடத் தாழ்வான, மழை கூடின இடம். அங்கே வளர்ந்த ஹொர மரத்தைத் தூக்கிவந்து நம் மலையில் நட்டால் சரிவராது. நமக்கான கன்று நம் ஓடைப் பள்ளத்தில் இருக்கிறது. பிள்ளைகள் கயிறு கட்டிய இரண்டாவது சதுரத்தில் மூன்று நான்கு மரங்களின் கன்று இருந்தது என்று சொன்னேனே, அதுதான் நம் நாற்றுமேடைக்கு விதை. அந்தச் சின்னத் துண்டை யாராவது விறகுக்கு வெட்டிவிட்டால் விதையும் போச்சு. முதலில் காக்க வேண்டியது அதைத்தான்.

நாம் கேட்க வேண்டியவை

கமிட்டிகளில் வைத்துப் பேசுவதற்காகச் சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.

முதலாவது, குடியிருப்புக்கு மேலே உள்ள சரிவில் மொட்டையாக வெட்டக் கூடாது. வரிசை வரிசையாக, வருடங்களைப் பிரித்து எடுக்க வேண்டும். எடுத்த இடைவெளியில் நாட்டு மரம் நட்ட பிறகே அடுத்த வரிசை. சரிவு எவ்வளவு தாங்கும் என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்து, எழுத்தில் தர வேண்டும்.

இரண்டாவது, பீலிக்கும் குடிநீர் ஊற்றுக்கும் மேலே மறுபடி பைனஸோ டர்பன்டைனோ நடக் கூடாது. ஊற்றுக் கண்ணைச் சுற்றி ஓடைக்காட்டு மரமும் செடியும் மட்டும்.

மூன்றாவது, வேலை. வரிசை எடுப்பது, நாற்றுமேடை போடுவது, நடுவது, கச்சானுக்கு முன்னால் ஊசியிலையைக் கூட்டித் தீத்தடுப்புப் பாதை போடுவது எல்லாம் வேலை. சிரமதானம் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை நம் பெண்களைச் சும்மா கூப்பிடக் கூடாது. முழுப் பேர் போட வேண்டும். சேமலாப நிதி, நம்பிக்கை நிதி சேர வேண்டும். காட்டு வேலையை ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்தால் இதெல்லாம் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். உத்தராகண்டில் 2024இல் அரசாங்கமே பைன் ஊசியைக் கிலோ 50 இந்திய ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. தீயைத் தடுக்கிற வேலைக்கு விலை உண்டு என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

நான்காவது, கீழ்ப்படையின் பலன். அடியில் ஏலமோ கித்துளோ மூலிகையோ வளர்த்தால் அதை எடுக்கிற உரிமை அந்தப் பிரிவுக் குடும்பங்களுக்கு எழுத்தில் வேண்டும். நட்டவரை நாளைக்குத் திருடர் என்று பிடிக்கக் கூடாது. காய்ந்த விறகு பொறுக்குகிற உரிமையும் அதிலேயே வர வேண்டும்.

இவற்றில் எதுவும் ஒரு வருடத்தில் நடக்காது. மரக்கன்று நம் சம்பளப் பேச்சுவார்த்தையை விட மெதுவாகத்தான் வளரும். காணி உரிமைப் பிரச்சினை தீராமல் எதற்கு மரத்தைப் பற்றிப் பேச்சு என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம். காணிக்கான போராட்டத்தை நான் ஒரு அடி கூடப் பின்னால் தள்ளச் சொல்லவில்லை. காணி கிடைக்கிற அன்றைக்கு அதன் மேலே இருக்கிற மலையும் ஊற்றும் நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முடிக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் லயத்துக்கு மேலே இருக்கிற மரம் எது, யாருடைய பொறுப்பில் இருக்கிறது, உங்கள் குடிநீர் எந்தப் பள்ளத்திலிருந்து வருகிறது. முடிந்தால் பிள்ளைகளோடு ஒரு கயிறும் நான்கு குச்சியும் எடுத்துக்கொண்டு போய், அந்தப் பள்ளத்தில் ஒரு சதுரம் கட்டிப் பாருங்கள். என்ன இருக்கிறது என்று எழுதி வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, எங்கள் பிள்ளைகள் செய்தது மாதிரி படம் வரைந்து கொண்டு வாருங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் காட்டினால் பாதிப் பெயர் அவர்களுக்குத் தெரியும்.